கிளெய்ம் வந்தால் வாய் திறக்க வேண்டும்

மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை வரை எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் சிங்கப்பூரில் இருந்தவராகவோ, இருப்பவராகவோ, மகனை அனுப்பியவராகவோதான் இருக்கிறார். கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் சிங்கப்பூரில் ஒரு துணை ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் பில் போடும் வேலையில் இருந்தேன் என்று தெரிந்ததும், ரசம் வருவதற்குள் பேச்சு அங்குள்ள கட்டுமானப் பணச் சட்டத்துக்கு, அதாவது செய்து முடித்த கட்டட வேலைக்கான பணத்தை ஒப்பந்தக்காரர்கள் சீக்கிரம் கேட்டு வாங்க வழிசெய்யும் சட்டத்துக்கு, வந்துவிடும்.

ஆளுக்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். "கிளெய்ம் (பணக் கோரிக்கை) அனுப்பிவிட்டால் பணம் தந்தே ஆக வேண்டும்" என்பார் ஒருவர். "பதில் போடாமல் இருந்தால் நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள், அவனால் ஒன்றும் செய்ய முடியாது" என்பார் இன்னொருவர். "வேலை செய்த பையன்களுக்குச் சம்பளம் வாங்கித் தரும் சட்டம்" என்பார் எதிர் வரிசைக்காரர். மூன்றும் தவறு. முதலாவதும் மூன்றாவதும் வெறும் குழப்பம். இரண்டாவது, கைக்காசைக் கரைத்துவிடும் தவறு. என் மச்சான் ஒருவருக்குக் கரைத்தது. அவர் கதைக்கு வருவதற்கு முன் நமக்குப் பழக்கமான ஓர் இடத்துக்குப் போய்வருவோம்.

கொள்முதல் நிலையத்தில் நடப்பது

தை மாதம். சம்பா அறுவடையான நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். பணியாளர் குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுக்கிறார், ஈரப்பத மீட்டரில் போடுகிறார். 17 சதவீதம்தான் வரம்பு. மழை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசு சற்றுத் தளர்த்துவதுண்டு. மீட்டர் 19 காட்டுகிறது. "காய வைத்துக் கொண்டுவாருங்கள்" என்கிறார். நமக்குக் கோபம் வருகிறது, வாதாடுகிறோம், இன்னொரு பிடியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஆனாலும் அந்தச் சண்டையில் ஒரு நியாயம் இருக்கிறது: என்ன குறை, எவ்வளவு குறை என்று நம் முகத்துக்கு நேரே, நெல் நம் கண்முன் இருக்கும்போதே சொல்லிவிட்டார்.

இப்போது வேறு மாதிரி நினைத்துப் பாருங்கள். ஒன்றுமே சொல்லாமல் நெல்லை வாங்கி, 40 கிலோ சிப்பமாகத் தைத்து, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பணம் வரவில்லை. சித்திரையில் போய்க் கேட்டால், "அன்றைக்கு உங்கள் நெல்லில் ஈரம் அதிகம்" என்கிறார்கள். எந்த விவசாயி ஒப்புக்கொள்வார்? ஈரம் உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் நெல் அரிசியாகி யார் வீட்டிலோ சோறாகிவிட்டது. இனி எதை வைத்துச் சரிபார்ப்பது?

கட்டுமானப் பணச் சட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குறை இருந்தால் பிடித்துக்கொள், தடையில்லை. ஆனால் எவ்வளவு பிடிக்கிறாய், ஏன் பிடிக்கிறாய் என்பதைக் கெடுவுக்குள் எழுதிச் சொல்.

பணம் ஏன் கடைமடைக்கு வருவதில்லை

கட்டட வேலையில் பணம் ஓடுவதும் நம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் ஒன்றுதான். உரிமையாளர் தலைமடை. அவரிடமிருந்து பிரதான ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர், அவருக்கும் கீழே டைல் பதிப்பவர், பெயின்ட் அடிப்பவர், கம்பி கட்டுபவர். மேலே யாராவது ஒருவர் மடையை அடைத்தால் கடைமடை காய்கிறது. வேலையோ நடந்து முடிந்துவிட்டது. பதித்த டைலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

வழக்குப் போடலாம்தான். அது முடிவதற்குள் சின்ன ஒப்பந்தக்காரர் கடையை மூடியிருப்பார். இதற்காகவே பிரிட்டன் 1996-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1999-இலும், நியூசிலாந்து 2002-இலும் தங்களுக்கென்று இயற்றின. சிங்கப்பூர்ச் சட்டம் 2004-ஆம் ஆண்டினது. 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2019 டிசம்பரில் பெரிய திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. மலேசியா 2012-இல் இயற்றி 2014-இல் நடைமுறைப்படுத்தியது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும். அதன் பின்பாதியான Security of Payment Act என்பதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் 'சோப்பா' (SOPA) என்பார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தஞ்சாவூர்ப் பையன் ஒருவன், நாற்காலி விவகாரம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தான்.

இனி நான் சொல்வது சிங்கப்பூர்ச் சட்டத்தை வைத்துத்தான். மற்ற நாடுகள் விலகும் இடத்தில் சொல்கிறேன்.

இதே சட்டம் இன்னொரு காரியத்தையும் செய்தது. "மேலிடத்திலிருந்து எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது என்று ஆக்கிவிட்டது. தலைமடை காய்ந்தது உன் கவலை, கடைமடைக்காரனுக்கு உன் கணக்கைத் தீர். இந்த ஒரு விதிக்காகவே நான் அந்தச் சட்டத்தை மதிக்கிறேன்.

இரண்டே தாள்கள்

முதல் தாள் பணக் கோரிக்கை. சைட்டில் எல்லோரும் 'கிளெய்ம்' என்பார்கள். இன்ன ஒப்பந்தத்தில், இன்ன காலத்தில், இன்ன வேலை செய்தேன், இவ்வளவு தர வேண்டும் என்று வேலை செய்தவர் எழுதிக் கொடுப்பது. ஒப்பந்தம் சொல்லும் தேதியில் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தாள் அதற்கான பதில். அங்கே 'ரெஸ்பான்ஸ்' என்பார்கள். நான் பதில் என்றே எழுதுகிறேன். பணம் தர வேண்டியவர் எழுதுவது. "நீ கேட்டது இவ்வளவு, நான் தரப்போவது இவ்வளவு, இடையே உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் இவை" என்பதே அதன் உள்ளடக்கம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பதில் போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயம். ஆகாது. தரப்போகும் தொகை பூஜ்யம் என்றுகூடப் பதில் எழுதலாம். கணக்குப்படி அவர்தான் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்றால் அதையும் எழுதலாம். எழுதாமல் இருப்பதுதான் ஆபத்து.

ஆக, கோரிக்கை என்பது கட்டளை அல்ல. பதில் என்பது ஒப்புதலும் அல்ல. இரண்டும் இரண்டு தரப்பும் எழுதி வைக்கும் கணக்கு.

ஒரு பதிலை எழுதிப் பார்ப்போம்

கணக்குக்காக ஓர் உதாரணம். டைல் பதித்தவர் கோரிக்கை அனுப்புகிறார்: 900 சதுர மீட்டர், மீட்டருக்கு 42 வெள்ளி வீதம் 37,800. கூடுதல் வேலைக்கு 10,800. மொத்தம் 48,600 வெள்ளி. சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு வரும் மோசமான பதில் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். நானே அப்படிப்பட்டவற்றை நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன்: "வேலை திருப்தியில்லை. தொகை அதிகம். ஏற்க இயலாது." படிக்கக் கம்பீரமாக இருக்கும். பயன் ஒன்றுமில்லை. எவ்வளவு திருப்தியில்லை, எந்த மாடியில், அதற்கு எத்தனை வெள்ளி?

சரியான பதில் இப்படிப் போகும். முதலில் எந்தக் கோரிக்கைக்கான பதில் என்று அதன் எண்ணையும் தேதியையும் குறிக்க வேண்டும். பிறகு அளவு: கூட்டாக அளந்ததில் 840 சதுர மீட்டர்தான் முடிந்திருக்கிறது, ஆகவே 35,280. அளந்த தாள் இணைப்பில். கூடுதல் வேலை: எழுத்தில் உத்தரவு இல்லை, ஒப்பந்தத்தின் இன்ன பிரிவு எழுத்து உத்தரவு கேட்கிறது, ஆகவே பூஜ்யம். பிடித்துவைப்புத் தொகை, அதாவது வேலையில் பின்னால் குறை தென்பட்டால் சரிசெய்ய ஒதுக்கிவைத்துப் பிறகு விடுவிக்கும் பணம், 10 சதவீதம், 3,528. குறை: ஏழாம் மாடியில் இரண்டு குளியலறைகளில் டைலைத் தட்டினால் வெற்றொலி கேட்கிறது, அடியில் கலவை நிரம்பவில்லை; பெயர்த்துப் பதிக்க 1,900. படங்கள் இணைப்பில். ஆக, தரப்போகும் தொகை 29,852 வெள்ளி.

கவனியுங்கள், இந்தப் பதிலில் ஒரு கோபச் சொல் இல்லை. கேட்டதற்கும் தருவதற்கும் உள்ள வித்தியாசம் 18,748. அந்த 18,748-இல் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு காரணம் பக்கத்தில் நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் சரியாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது. ஒப்புக்கொண்ட 29,852-ஐக் கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். சண்டை மீதிக்கு மட்டுந்தான். முழுத் தொகையையும் சேர்த்து நிறுத்திவைப்பது நம் ஆட்களிடம் உள்ள பெரிய வியாதி.

மௌனத்தின் விலை

இனி மச்சான் கதை. சிங்கப்பூரில் சின்னதாக ஒரு டைல் கம்பெனி வைத்திருந்தார். பெரிய கம்பெனியிடம் வேலை எடுத்து, ஒரு பகுதியைத் தமக்குக் கீழே இன்னொரு குழுவிடம் விட்டிருந்தார். அந்தக் குழு டிசம்பர் கடைசி நாளில் கோரிக்கை அனுப்பியது. வேலை உண்மையிலேயே மோசம். படங்களை எனக்கே காட்டியிருக்கிறார், மூலைக்கு மூலை இடைவெளி மாறிக்கொண்டே போனது. கடுப்பில் கோரிக்கையைப் பதில் போடாமல் ஓரம் கட்டிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டார்.

வந்தவர் தை மாதம் முழுக்க அப்பாவின் நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் கிடந்தார். ஈரப்பதம் என்று சொல்லி மூட்டையை ஒதுக்கியபோது, "எவ்வளவு ஈரம் என்று இப்போதே, இங்கேயே காட்டுங்கள்" என்று அவர் போட்ட சத்தம் ரோட்டு வரை கேட்டது. அன்று சாயங்காலம்தான் பேச்சுவாக்கில் சிங்கப்பூர்க் கோரிக்கையைப் பற்றிச் சொன்னார்.

"பதில் போட்டீர்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன மாப்பிள்ளை பதில்? செய்த வேலைக்குப் பேசாமல் இருப்பதே மரியாதை."

"நீங்கள் காலையில் நிலையத்தில் கேட்டதைத்தான் அவன் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்றேன். சிரித்துக்கொண்டார். பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தபோது சிரிக்கவில்லை.

அங்கே விதி இது. கோரிக்கைக்கான பதிலில் சொல்லாத காரணத்தைப் பிற்பாடு தீர்ப்பாளர் முன் சொல்ல முடியாது. சொன்னாலும் அவர் கணக்கில் எடுக்கக் கூடாது. தீர்ப்பாளர் என்று நான் குறிப்பது, நீதிமன்றத்துக்கு வெளியே, சில நாள்களுக்குள் தாள்களைப் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்க நியமிக்கப்படுபவர். சிங்கப்பூர் மத்தியஸ்த நிலையம் நியமிக்கிறது. மச்சான் படம், அளவுத் தாள், பெரிய கம்பெனியின் குறைப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினார். எல்லாமே உண்மை. கெடுவுக்குள் சொல்லாத உண்மை. தொகையைக் கட்டினார்.

அதற்காகத் தீர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார் என்று நினைக்க வேண்டாம். கோரிக்கைத் தாள்களிலேயே பளிச்சென்று தெரியும் பிழையை அவர் பார்க்கலாம். 900-ஐ 42-ஆல் பெருக்கத் தெரியாதவருக்குச் சட்டம் பரிசு தருவதில்லை. ஆனால் குளியலறையில் வெற்றொலி கேட்பது தாளில் தெரியாது.

கோரிக்கையே செல்லாது என்று நினைத்தாலும் பேசாமல் இருக்கக் கூடாது. 2018-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், ஒப்பந்தப்படி மாதம் 20-ஆம் தேதி கோரிக்கை தர வேண்டும். அந்த மாதம் 20 ஞாயிற்றுக்கிழமை. எனவே 20 என்று தேதியிட்டு 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு பதில் போடாமல் இருந்துவிட்டு, பிறகு தேதி தவறு என்றது. அந்தக் கோரிக்கை செல்லும் என்றது நீதிமன்றம். அதோடு, அப்படி ஓர் ஆட்சேபம் இருந்தால் அதைப் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் பின்னால் எடுக்க முடியாது என்றும் சொன்னது.

நாட்டுக்கு நாடு மௌனத்தின் விலை மாறும். நியூ சவுத் வேல்ஸில் பத்து வேலை நாள்களுக்குள் பதில் தராவிட்டால் கேட்ட முழுத் தொகையும் கடனாகிவிடும். மலேசியாவில் நேர் எதிர்: பதில் தராவிட்டால் முழுக் கோரிக்கையையும் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கோலாலம்பூரில் இருந்த மாமா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சிங்கப்பூரில் சும்மா இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நாள் கணக்கு

சிங்கப்பூரில் பதில் தருவதற்கான கெடு ஒப்பந்தத்தில் இருக்கும்; எவ்வளவு தாராளமாக எழுதினாலும் 21 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் ஒன்றும் சொல்லாவிட்டால் 14 நாள். கெடு முடிந்ததும் இன்னும் ஏழு நாள் பேச்சுக் காலம் உண்டு. விடுபட்ட பதிலை அதற்குள் கொடுத்துவிடலாம். கொடுத்த பதிலைத் திருத்தவும் செய்யலாம். மச்சான் ஊரில் இருந்தபோது இந்த ஏழு நாளும் கழிந்தன. அதன் பிறகு கோரியவர் ஏழு நாளுக்குள் தீர்ப்பாளரிடம் மனுச் செய்ய வேண்டும். அவர் தூங்கினால் அந்த வாய்ப்பை அவரும் இழப்பார். மனு கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் எதிர்த்தரப்பு தன் வாதத்தைத் தர வேண்டும். பொதுவாகப் பதினான்கு நாளில் முடிவு. பணம் தர வேண்டியவர் எதற்குமே பதில் தராமல் இருந்திருந்தால் ஏழே நாளில்.

பொது விடுமுறைகள் இந்தக் கணக்கில் சேராது. தீபாவளி சிங்கப்பூரில் பொது விடுமுறை; தப்பித்தோம். பொங்கல் அங்கே பொது விடுமுறை அல்ல. நம் ஆட்கள் மொத்தமாக ஊருக்குக் கிளம்புவதோ பொங்கலுக்குத்தான். டிசம்பர்க் கோரிக்கையின் கெடு ஜனவரியில் முடிகிறது. இதைவிடப் பொருத்தமாக ஒரு பள்ளத்தை யாரும் வெட்டியிருக்க முடியாது.

தீர்ப்பாளர் சொன்னால் முடிந்ததா?

இல்லை. பலரும் தப்பாகப் பேசும் இன்னொரு இடம் இது.

முறைப்பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் முறை. நீங்கள் மடையைத் திறக்கவில்லை. தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. பட்டாவில் உங்கள் பெயர் அப்படியேதான் இருக்கிறது, பாசன உரிமையும் அப்படியே. இந்த முறை மட்டும் போய்விட்டது. "எனக்கு உரிமை உண்டே" என்று கரையில் நின்று கத்தினால், உண்டுதான். ஆனால் வயல் இன்று நனையாது.

தீர்ப்பாளரின் முடிவும் இப்போதைக்கான முடிவு. பணத்தை முதலில் கொடு. உன் பக்கம் நியாயம் இருந்தால் பிறகு நீதிமன்றத்திலோ நடுவர் மன்றத்திலோ முழு வழக்கை நடத்தித் திரும்ப வாங்கிக்கொள். மச்சானுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. வக்கீல் செலவைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். சின்னவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்; எனவே 'இப்போதைக்கு' என்பது நடைமுறையில் நிரந்தரமாகிவிடுகிறது. இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு உள்ள ஒரே மனத்தாங்கல் அது.

சுருக்கமாக: பதில் தராதவர் உரிமையை இழப்பதில்லை. கையில் உள்ள பணத்தையும், அதை வைத்துக்கொண்டு பேசும் பலத்தையும் இழக்கிறார்.

யாருக்குப் பொருந்தாது

தொழிலாளியின் சம்பளத்துக்கு இந்தச் சட்டம் வராது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு வேறு. சம்பள பாக்கிக்கு அங்கே மனிதவள அமைச்சின் வழி தனியாக இருக்கிறது. அதேபோல, கட்டட அனுமதி தேவைப்படாத சின்ன வீட்டு வேலைகளும் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு வெளியே. வீட்டுக்கு வர்ணம் அடித்தவர் தீர்ப்பாளரிடம் போக முடியாது.

நம் ஊரில்?

இந்தியாவில் கட்டுமானத்துக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அரசு வேலையில் பொறியாளர் அளந்து எம் புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில், ஏற்றினால் பில் நகரும். தனியார் வேலையில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் உங்கள் பொறுமையும்தான். கொஞ்சம் நெருங்கி வருவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே பெரிய தொகை என்றால் வக்கீலைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

எனக்குப் பழக்கம் விடவில்லை. ஊரில் வீட்டின் பின்கட்டை எடுத்துக் கட்டியபோது, லின்டல் மட்டம் முடிந்ததும் மேஸ்திரி ஒரு துண்டுத் தாளில் கணக்குக் கொடுத்தார். அன்றிரவே டேப்பை வைத்து அளந்து, அவர் தாளுக்குக் கீழேயே பதில் எழுதினேன். "திண்ணை, 6,500 ரூபாய்: சொல்லாத வேலை, பூஜ்யம்" என்று ஒரு வரி. காலையில் அதைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பார்த்தார்.

"என் மேல் கோபமா தம்பி?"

"கோபமெல்லாம் இல்லை அண்ணே. எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறேன் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினார். "திண்ணையை அம்மாதான் கேட்டார்கள். உட்கார்ந்தால் முட்டி மடங்கும் உயரம் வேண்டும் என்று, நின்று அளவு காட்டியதும் அவர்கள்தான்."

உள்ளேயிருந்து அம்மா, "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்றார். தாளைத் திரும்ப வாங்கி அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு, 6,500 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.